சின்ன மூலை, பெரிய மூலை

நாலடி நடந்தால் குட்டை, திரும்பி நாலடி நடந்தால் நெட்டை. இதற்கு மாதச் சம்பளம் கொடுக்கிற தொழில் ஒன்று உலகத்தில் உண்டு, அதை நான் செய்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் சென்னையில் கடலோரச் சாலையில் ஒரு வேடிக்கை மாளிகை இருந்தது. ஆளைக் குண்டாகக் காட்டும் கண்ணாடி, வழி தெரியாமல் சுற்றவிடும் கண்ணாடிச் சந்து, தண்ணீர் மேட்டைப் பார்த்து ஏறுவது போலத் தெரியும் ஒரு வாய்க்கால். இவற்றுக்கெல்லாம் கடைசியில் கோணல் அறை. அதன் வெளிச்சுவரில் ஓர் ஓட்டை இருக்கும். ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணை அதில் வைத்துப் பார்த்தால் உள்ளே சாதாரண அறை மாதிரிதான் தெரியும். ஆனால் வலது மூலையில் நிற்பவரின் தலை கூரையை இடிக்கும். இடது மூலையில் நிற்பவர் கொலுப் பொம்மை அளவுக்கு இருப்பார். தரை, சுவர், கூரை எல்லாவற்றையும் கோணலாகக் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான் சங்கதி. உள்ளே போய்விட்டால் ஒரு மாயமும் கிடையாது, சரிவான தரையும் சுண்ணாம்பு வாசனையும்தான். அங்கே மூலைக்கு மூலை நடந்து காட்டுவது என் வேலை.

நிலைவாசலில் நெற்றியை இடித்துக்கொண்டே வளர்ந்த என் நெட்டைச் சகோதரிகளே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களும் படிக்கலாம், கொஞ்சம் அண்ணாந்து.

உயரம் ஒரு தகுதி

எங்கள் ஊர் விருத்தாசலம். அப்பாவுக்குப் பீங்கான் பொம்மை யூனிட்டில் வேலை. மண்ணில் செய்த பொம்மை சூளைக்குள் போய்வந்தால் சுருங்கிவிடும். அதனால் எதையும் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். சுடாத பொம்மைக்குப் ‘பச்சை’ என்று பெயர். ஊரில் எல்லாம் சுருங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் வளர்ந்துகொண்டே போனேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நான் உட்கார்ந்திருக்கும்வரை சிரித்த முகமாக இருப்பார்கள். காபித் தட்டை எடுக்க எழுந்தேனோ இல்லையோ, கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். “உக்காந்தே இருடி, எழுந்திரிக்காத” என்று அம்மா கெஞ்சத் தொடங்கினாள். எனக்கோ ஒரே ஒரு ஆசைதான். நான் நிமிர்ந்து நிற்கும்போது ஒருவர் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

சித்தப்பா வீடு சைதாப்பேட்டையில். மாளிகைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். மேனேஜர் என்னைப் பாதத்திலிருந்து பார்க்க ஆரம்பித்து முகத்துக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரமானது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். பழக்க தோஷத்தில் உட்கார நாற்காலி தேடினேன். அவர் பதறிப்போய்ச் சொன்னார்:

“உக்காராதம்மா, நில்லு. நீ நிக்கிறதுக்குத்தான் சம்பளம்.”

வேப்பூர் மருமகள்

லீவு நாட்களில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பாதிப்பேர் அறைக்குள்ளே, பாதிப்பேர் ஓட்டைக்கு முன்னால். அப்படி வேப்பூரிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியாருக்கு வெண்கலக் குரல். டிக்கெட் கிழிப்பவரை அதட்டி, வரிசையில் நின்றவர்களை அதட்டி, உள்ளே வந்து என்னையும் ஒரு அதட்டு அதட்டிவிட்டு, நேராகப் போய் இடது மூலையில் நின்றுகொண்டார். அது சின்ன மூலை என்று அவருக்குத் தெரியாது. அங்கே நின்றபடி கையை ஆட்டி ஆட்டி, சீக்கிரம் பார்த்துத் தொலைக்கும்படி மருமகளுக்கு உத்தரவு போட்டார்.

மருமகள் ஓட்டையில் கண்ணை வைத்தவள் வைத்தவள்தான். பின்னால் வரிசை முணுமுணுத்தது, குழந்தை அழுதது, அவள் அசையவில்லை. ஒருவழியாக மாமியார் வெளியேறி வாசல் காவலாளியை அதட்டப் போனதும், மருமகள் கதவருகே வந்தாள். என் கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாயைத் திணித்துவிட்டு ரகசியமாகச் சொன்னாள்:

“யக்கா, அத்தைய இன்னொரு வாட்டி அந்த மூலைக்கு அனுப்புங்களேன். ஊருக்குப் போயிட்டா இந்த அளவுல பார்க்கவே முடியாது.”

பச்சை அளவு

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஊர்ப் பொம்மை யூனிட் ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள், பெண்டுபிள்ளைகளோடு. “வூடு”, “வுடு” என்று ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. குண்டாகக் காட்டும் கண்ணாடி முன்னால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அச்சில் மண் ஊற்றும் வேலை செய்யும் ஒருவர் மட்டும் சிரிக்காமல், கண்ணாடிக்குள் பானை மாதிரி உப்பியிருந்த தன் மனைவியை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த அம்மா அழுதுவிடுவார் போலிருந்தது. மனைவியின் தோளைத் தட்டி அவர் ஆறுதல் சொன்னார்:

“பயப்படாத. இது பச்சையில இருக்கிற அளவு. சூளையில வெச்சு எடுத்தா சரியாயிடும்.”

எட்டாத கம்பி

நாள் முழுக்க அந்தச் சின்ன மூலைக்கும் பெரிய மூலைக்கும் நடப்பதில் ஒரு மயக்கம் உண்டு. உள்ளே இருப்பவளுக்கு மாயம் எதுவும் தெரியாது என்று சொன்னேன், ஆனால் ஓட்டைக்கு அந்தப் பக்கம் எழும் குரல்கள் கேட்கும். வலது மூலைக்குப் போனால் ‘யப்பா’ என்று மலைப்பார்கள். இடது மூலைக்கு வந்தால் ‘ச்சூ, கண்ணு’ என்று கொஞ்சுவார்கள். அந்தக் கொஞ்சல் எனக்குப் பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிக் கொஞ்சியதில்லை. சாயங்காலம் வெளியே வந்தால் கடற்காற்று அடிக்கும், உடம்பு இலேசாக இருக்கும், கட்டடங்கள் எல்லாம் உயர்ந்துகொண்டே போவதாகவும் நான் எங்கோ கீழே ஒரு சொப்பு அளவில் நடந்துபோவதாகவும் தோன்றும்.

அந்த நினைப்பிலேயே ஒருநாள் பஸ் ஏறினேன். மேலே இருக்கும் கம்பி எனக்கு எட்டாது என்று மனசார நம்பி, கையைத் தொங்கவிட்டபடி நின்றேன். டிரைவர் பிரேக் போட்டதும் முன்னால் நின்றிருந்த பூக்கூடைக்காரம்மா மேல் போய் விழுந்தேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்:

“ஏம்மா, உனக்குக் கூரையே எட்டுது, கம்பி எட்டலையா?”

எந்த அக்கா

திட்டக்குடிப் பக்கம் மங்களூரிலிருந்து ஒரு குடும்பம். மாளிகை மூடுகிற நேரம். பெரியவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, அவர்கள் வீட்டுச் சின்னப் பெண் மட்டும் ஓட்டையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவளுக்காக மூன்று நான்கு தடவை அதிகமாகவே நடந்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை, கை தட்டவில்லை. நான் விளக்கை அணைக்கப் போகும்போதுதான் ஓட்டை வழியாக அந்தக் குரல் வந்தது. அவள் கேட்டது இதுதான்:

“அக்கா, நீ வெளிய வரும்போது எந்த அக்காவா வருவ?”

அம்மாவின் ஏற்பாடு

அதற்கடுத்த மாதம் அம்மா சென்னைக்கு வந்தாள். தனியாக இல்லை, ஒரு மாப்பிள்ளையோடும் அவருடைய அம்மாவோடும். மாப்பிள்ளை பெயர் குமரவேல். சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. விருத்தாசலத்தில் ஒரு பொம்மை யூனிட்டில் புதிதாகச் சேர்ந்திருந்தார். பட்டணம் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட அவர்களோடு தரகர் என் அம்மாவையும் சேர்த்து அனுப்பியிருந்தார். கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது மாதிரிதான். பிடிக்காவிட்டால் வேடிக்கை பார்க்க வந்தோம் என்று போய்விடலாம், யாருக்கும் தலைக்குனிவு இல்லை. என்னைப் பற்றி அவர்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அம்மா முந்திக்கொண்டு உள்ளே வந்து, என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள்: “அந்தச் சின்ன மூலைய வுட்டு நவுராத. அவங்க வெளிய நின்னு பார்த்துட்டுப் போயிடட்டும். மத்ததைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். போய் நின்றேன்.

ஓட்டையில் ஒரு கண் வந்தது. “பொண்ணு அளவா, சொப்பாட்டம் இருக்குதே!” என்றது மாப்பிள்ளையின் அம்மா குரல். என் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், “தம்பி, நீங்களும் உள்ள போய் அந்தப் பக்கம் நில்லுங்க, ஜோடியா பார்த்துடலாம்” என்று அவரை அனுப்பிவிட்டாள். உள்ளே வந்துவிட்டால் மாயம் இல்லை என்பதை அடியோடு மறந்துபோனாள். அவர் வந்து வலது மூலையில் நின்றார். ஓட்டையில் ராட்சதனும் பொம்மையுமாக நாங்கள் தெரிந்திருப்போம். அறைக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. வெளியிலிருந்து வரும் சத்தங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பது போல எங்கோ கேட்டன. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “ஏங்க முதுகை வளைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? வலிக்கலையா?” என்றார். நான் கூனிக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வலிக்கத்தான் செய்தது. நிமிர்ந்தேன். அவர் சரிவில் மெதுவாக இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். என் காது மட்டத்துக்கு இருந்தார். “ஐயோ, எம்புள்ள சின்னதாயிட்டானே!” என்று ஓட்டைக்கு அந்தப் பக்கம் அலறல் எழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அறைக்குள் ஓடி வந்தார். பின்னாலேயே என் அம்மா, வெளுத்த முகத்தோடு. நான் நாற்காலி தேடவில்லை. நின்றேன். அந்த அம்மா என்னை அண்ணாந்து பார்த்தார், மகனைப் பார்த்தார், மறுபடி என்னை அண்ணாந்து பார்த்தார். “என்னடா, உன்னைவிட உசரமா இருக்குதே” என்றார். கேசரி பாதியில் நின்றுபோகிற அந்தக் கட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். குமரவேல் தன் நகக்கண்ணில் காய்ந்திருந்த வெள்ளை மண்ணைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் தன் அம்மாவிடம் சொன்னார்:

“யூனிட்டுல நாங்க செய்யறது எல்லாந்தான் சுட்டா சுருங்கிப் போயிடுதும்மா. இவங்களாவது இருக்கிற அளவுலயே இருக்கட்டும்.”

எங்கள் கல்யாணத்துக்கும், விருத்தாசலம் வீட்டு நிலைவாசலை உயர்த்திக் கட்டித் தருகிறேன் என்று இவர் கொடுத்த வாக்குக்கும் ஒரே வயதுதான். என் நெற்றி மட்டும் இன்னும் இடித்துக்கொண்டிருக்கிறது.