தண்ணீரை நிறுத்தியவரே விசாரிக்கலாமா?

"டீச்சர், உங்க வீட்டுல தண்ணி வருதுல்ல? அப்புறம் உங்களுக்கு என்ன?"

தென்னூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டின் மாடிப்படியில் நின்று எங்கள் சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டது இது. அந்த நேரத்தில் கீழ் வீட்டுக் குழாய் 'உஸ்ஸ்' என்று வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது...

எட்டு வீடு, ஒரு போர்வெல், ஒரு மேல்தொட்டி. தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வால்வு. மொட்டை மாடிச் சாவி செயலாளரிடம். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கெல்லாம் 'சார்'. கை சுத்தமானவர். மோட்டார் கெட்டால் கொட்டும் மழையிலும் ஆள் கூட்டி வருவார். அதனால் அவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அந்தக் கோடையில் அவர் ஒரு விதி போட்டார். காலை எட்டு மணிக்கு மேல் யாரும் துணி துவைக்கக் கூடாது.

கீழ் வீட்டு நசீமா அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அக்காவின் கணவருக்கு காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. விடியும் முன்பே போய்விடுவார். பிள்ளை பிறந்து சில நாள்தான். பகல் முழுக்கக் கொல்லைக் கொடியில் குட்டிக் குட்டித் துணிகள்... சார் பார்த்தார். மேலே போய் அந்த வீட்டு வால்வை மூடிவிட்டார்.

பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு சொட்டு தண்ணீர் இல்லை. அக்கா தெரு அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தூக்கினார். நான் கேட்கப் போனபோதுதான் அந்தக் கேள்வி.

அடுத்த நாள் ஞாயிறு. மொட்டை மாடியில் விசாரணை என்றார். தொட்டி நிழலில் ஒரே ஒரு நாற்காலி, அதில் சார். நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"ஏம்மா, ரூல் தெரியும்ல? தெரிஞ்சே மீறினா என்ன அர்த்தம்?"

"தெரியும் சார். எட்டு மணிக்குள்ள எல்லாத்தையும் ஈரம் பண்ணி முடிச்சிடுன்னு பச்சப் பிள்ளைகிட்ட எப்படிங்க சொல்றது?"

எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் வால்வு திறக்காது" என்றார்.

நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள். சட்டம் இயற்ற ஒரு துறை, நடத்த ஒரு துறை, வழக்கைத் தீர்க்க ஒரு துறை என்று வருடா வருடம் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். இங்கே மூன்று கட்டமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

"சார், இன்னிக்கு நீங்க அந்த நாற்காலியில உட்காரக் கூடாதுங்க."

"ஏன், கால் ஆடுதா?"

"ரூல் போட்டது நீங்க. வால்வை மூடினது நீங்க. அது சரியா தப்பான்னு சொல்றதும் நீங்கன்னா, அக்கா யார்கிட்ட போவாங்க?"

"இது அசெம்ப்ளியும் இல்ல, ஹைகோர்ட்டும் இல்ல டீச்சர். எட்டு வீடு!"

"எட்டு வீட்டுல கேட்கலைன்னா நாட்டுல எங்க சார் கேட்கப் போறோம்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப உங்க வால்வையும் மூடட்டுமா?"

"மூடுங்க. எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க, மூடுங்க."

மூடினார். திருகும் சத்தம் கேட்டது. நான் நகரவில்லை.

அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து அவர் மனைவியின் குரல். "ஏங்க, நம்ம வீட்டு வால்வு எது? அதையும் மூடிடுங்க. நானும் இவங்களோட பம்புக்குப் போறேன். வர்றப்ப நீங்க ஒரு குடம் தூக்குங்க."

அக்கா வீட்டு வால்வையும் என் வீட்டு வால்வையும் சாரே திறந்தார். நாற்காலிக்குத் திரும்பாமல் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தார்.

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரும், மாடி வீட்டு நர்ஸம்மாவும், நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டபடி, அக்காவின் புகாரை விசாரித்தார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை என்றார்கள். குழாயைத் திறந்து விட்டுவிட்டு அலசக் கூடாது என்று அக்காவிடமும் கண்டிப்பாகச் சொன்னார்கள். சார் சொன்னதிலும் நியாயம் இருந்ததே! அன்று முதல் விதி எட்டு வீடும் கூடிப் போடுவது, வால்வு செயலாளர் கையில், புகார் அந்த இருவரிடம்.

சில வருடம் கழித்து வேறொருவர் செயலாளர் ஆனார். பூந்தொட்டிக்கு ஊற்றுகிறார் என்று நம் சாரின் தண்ணீரையே நிறுத்தினார். சார் நேராக அந்த இருவரிடம்தான் போனார். தண்ணீர் வந்தது. என்னைப் பார்த்தபோது, "கேட்க ரெண்டு பேர் இருந்தாங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

நல்லவர் கையில் மொத்தமும் இருந்தால் என்ன என்று இன்றும் கேட்கிறார்கள். நல்லவருக்கும் ஒரு நாள் கோபம் வரும். அந்த ஒரு நாளுக்காகத்தான் அரசமைப்பில் அதிகாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் அபார்ட்மெண்ட். லிஃப்ட், கேமரா, வாட்ஸ்அப் குழு எல்லாம் உண்டு. விதி போடுவது அட்மின். நீக்குவது அட்மின். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்கவும் அட்மினிடமே போக வேண்டும். போன வாரம் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்ணை நீக்கினார்கள். பராமரிப்புக் கணக்கைக் கேட்டாளாம். நான் குழுவில் எழுதினேன். "டீச்சர், எதுக்கு பாலிடிக்ஸ்?" என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினேன். நாளைக்கும் எழுதுவேன்.

அன்று முகத்துக்கு நேராகச் சண்டை போட்டோம். திருகும் சத்தமாவது கேட்டது... இன்று சத்தமே இல்லாமல் ஒரு பெயர் காணாமல் போகிறது.

உங்கள் குடியிருப்பின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, நிர்வாகி மேலேயே புகார் என்றால் அதை யார் விசாரிப்பார்கள் என்று கேளுங்கள்.