ஆண்டிமடம் போகும் வழியில் கொதித்த கார்

பெரம்பலூரில் சொந்தமாகக் கார் வாங்கிய முதல் கொத்தனார் நான்தான். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஊரே சொன்னது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கலவைச் சட்டி தூக்கப் போனவன், லப்பைக்குடிக்காட்டில் அரபு நாட்டுக்குப் போன குடும்பங்களுக்கெல்லாம் மாடி வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரியாக வந்தேன். அந்த ஊர்த் தெருவில் இறங்கி நடந்தால் ரெண்டு பக்கமும் என் கை பட்ட சுவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஏதோ ஒரு ஆபீஸ் ஏலத்தில் வந்த பழைய வெள்ளை அம்பாசடரை எடுத்தேன். ஊருக்குக் காட்டத்தான் வாங்கினான் என்று பேசினார்கள். காட்டவும்தான் வாங்கினேன், அதை மறைப்பானேன்? ஆனால் முதல் காரணம் என் வீட்டுக்காரியின் முழங்கால். மூட்டுத் தேய்ந்துபோய் அவளால் பஸ் படி ஏற முடியாமல் ஆகிவிட்டது. அவளுடைய அம்மா ஆண்டிமடத்தில் தனியாக இருந்தார். முந்திரித் தோப்பை விட்டு ஒருநாளும் அசையமாட்டார். மகளால் போக முடியாது, தாய் வரமாட்டார். இப்படியே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கிடந்தார்கள். கார் வந்த பிறகு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டோம். தங்க வழியில்லை. திங்கட்கிழமை விடிந்தால் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க நான் நின்றாக வேண்டும்.

கார் அமைந்தால் பெருமாள் பெயரை அதன் முகத்தில் போடுவதாக அவள் கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்டிக்கர் போதும் என்றார்கள். நான் ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆளா? எனக்கு கேட் செய்து தரும் வெல்டிங் பட்டறையில் சொல்லி, முன்பக்கக் கம்பித் தடுப்பை முழுசாக மறைக்கும் அகலத்துக்கு இரும்புத் தகட்டில் பலகை அடித்தேன். சிவப்புப் பூச்சு. தங்க எழுத்தில் ‘கலியுக வரதராசப் பெருமாள் துணை’. அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக என் பெயர். அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டி திரும்பினாலே, அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் எனக்கு டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார்.

மார்கழி, தை மாதங்களில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மாசியில் வெயில் ஏறியதும் தொல்லை பிடித்தது. பெரம்பலூருக்குள் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஒன்றும் ஆகாது. ஆண்டிமடம் கிளம்பினால் மட்டும், அரியலூரைத் தாண்டி உடையார்பாளையம் வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். இறங்கி முன்மூடியைத் தூக்கினால் புகை. சூடு தணிந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் இருக்காது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. போன தண்ணீர் எங்கே போயிற்று?

ஒவ்வொரு தடவையும் ரோட்டோரப் புளியமரத்தடியில் துண்டை விரித்து அவள் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். நான் குடத்தோடு தண்ணீர் தேடி அலைவேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்கள் மேல் புழுதியை வாரிவிட்டுப் போகும். ஒருநாள் ஜெயங்கொண்டம் பஸ் எங்களைக் கடக்கும்போது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்.

“காரு வச்ச மவராசரே, ரெண்டு டிக்கெட் போடட்டுமா?”

“ஒம் பஸ்ஸையே வெலைக்கு வாங்குவன்டா, போடா!” என்றேன்.

“மொதல்ல ஒரு கொடம் தண்ணிய வாங்குங்க!”

பஸ் முழுக்கச் சிரித்தது. திரும்பிப் பார்த்தால் மரத்தடியில் அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

ஆனால் ஆண்டிமடம் போய்ச் சேரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. நடுப்பகல் தாண்டியிருக்கும். இலை போட்டுத் தயாராக வைத்திருப்பார் மாமியார். சாப்பிட்டுக் கை கழுவி, ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நான் சாவியை எடுப்பேன். திரும்பும் வழியிலும் கொதிக்கும் அல்லவா, அதற்கும் நேரம் வேண்டுமே.

ரப்பர் குழாய்களை மாற்றினேன். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றார்கள், புது மூடி போட்டேன். அதே கதைதான். அப்புறம் என் தொழில் மூளையை வேலை செய்யவிட்டேன். மாடித் தொட்டித் தண்ணீர் எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால் நாங்கள் அதில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்துவிடுவோம். சுவரில் எந்த இடத்தில் நீலம் பூக்கிறதோ அந்த இடத்தை உடைப்போம். காருக்கும் அதையே செய்தேன்.

“நேத்து வாங்குன நீலம் எங்கங்க? ஒங்க வெள்ளச் சட்டைக்குப் போடணும்.”

“காரு குடிச்சிருச்சு.”

“அப்ப அந்தக் காரையே போட்டுக்கிட்டுப் போங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டி கொதித்தது. இறங்கித் தேடினேன். குழாய்களில் நீலம் இல்லை, இணைப்புகளில் இல்லை, தண்ணீர் பம்பில் இல்லை. ரேடியேட்டர் வாய்க்குப் பக்கத்திலிருந்து கீழே இறங்கும் ஒல்லிக் குழாயின் நுனியில் மட்டும் பளிச்சென்று நீலம். அங்கிருந்து அடித்தகடு முழுக்கத் தெறித்திருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. வண்டியில் ஓட்டை ஏதும் இல்லை. ஓட்டத்தில் கொதிக்கிறது, கொதித்த தண்ணீரை அந்த வழியாகக் கக்கிவிடுகிறது. ஓடும்போதே ரோட்டில் போய்விடுவதால் நிறுத்திவிட்டுப் பார்த்தால் தடயம் இருப்பதில்லை.

பெரம்பலூர் மெக்கானிக்கிடம் போய் மார்தட்டினேன். அவர் என்னைவிட மூத்தவர், வாயில் வெற்றிலை இல்லாமல் பார்க்க முடியாது.

“போற வழியக் கண்டுபுடிச்சிட்டீங்க மேஸ்திரி. ஏன் கொதிக்குதுன்னு அதையும் நீங்களே சொல்லிருங்க. நான் கடைய ஒங்ககிட்ட எழுதிவச்சிட்டுக் காசிக்குப் போறேன்” என்றார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் பால் ஊற்றின டீ மாதிரி இருக்கும், அப்படி இல்லை. விசிறி பெல்ட்டை இறுக்கினார். ரேடியேட்டரைக் கழற்றி உப்புப் படிவத்தையெல்லாம் கழுவி மாட்டினார். இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வையே எடுத்துப் போட்டார். மறுபடி ஆண்டிமடம் கிளம்பினோம், மறுபடி புளியமரம்.

“இனி இஞ்சினப் பிரிச்சிப் பாக்க வேண்டியதுதான். பிரிச்சா என்னென்ன கெளம்புமோ தெரியாது. பேசாமத் தள்ளிவிட்டுருங்க” என்று கடைசியில் கைவிரித்துவிட்டார்.

விலைக்குக் கேட்டு ஓர் ஆளும் வந்தார். வாசலில் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் போன பிறகு வீட்டுக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“வித்துடப் போறீங்களா?”

“வேற என்ன செய்யச் சொல்ற?”

“பாதி வழி கொதிச்சாலும் எங்கம்மா கையால ஒரு வாய் திங்கிறேன். இதுவும் போயிட்டா, அவங்க செத்த சேதி கேட்டுத்தான் நான் போவணும்.”

வந்து பார்த்த ஆளுக்கு, வண்டி விற்பனைக்கில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனி மாதம். லாரியிலிருந்து தெறித்த கற்கள் பட்டுப் பலகையில் தங்க எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. மறுபூச்சுக்காகக் கழற்றிப் பட்டறையில் கொடுத்தேன். பலகை அங்கே கிடக்கும்போது டைல்ஸ் பார்க்க அதே வழியில் ஜெயங்கொண்டம் வரை போகவேண்டி வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன், முள் நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. ஜெயங்கொண்டத்தில் போய் இறங்கி, ஆறவிட்டு மூடியைத் திறந்தால் ஊற்றின தண்ணீர் ஊற்றினபடி இருந்தது.

எனக்குள் என்னவோ தட்டியது. ஆனாலும் நிரூபணம் வேண்டும் அல்லவா? மறுநாள், காங்கிரீட் போட வைத்திருந்த சென்டரிங் பலகை ஒன்றை அதே இடத்தில் கயிற்றால் கட்டிக்கொண்டு அதே ரோட்டில் விட்டேன். அரியலூரைத் தாண்டியதும் கொதித்தது. நடு ரோட்டில் கொதிக்கிற காரைப் பார்த்துக் கைதட்டின மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“ஜன்னலை அடைச்சிட்டு அடுப்பு மேல பழியப் போட்டிருக்கோம் அண்ணே. காத்து உள்ள போனாத்தான ரேடியேட்டரு ஆறும்?” என்று மெக்கானிக்கிடம் சொன்னேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “நான் அந்தப் பலகையப் பாத்தா ஒரு கும்புடு போட்டுட்டு மூடியத் தொறப்பேன். சாமியச் சந்தேகப்படத் தோணுமா மேஸ்திரி?”

வீட்டுக்காரிக்கும் தோன்றவில்லை, சொன்ன பிறகும் ஏற்கவில்லை. “சாமி பேர எடுக்கறதா? கொதிச்சாக் கொதிக்கட்டும், நான் மரத்தடியில ஒக்காந்துக்கறேன்.”

“உள்ள, கண்ணாடிகிட்ட வச்சிக்கலாம்.”

“மொகத்துல போடறேன்னுதாங்க வேண்டிக்கிட்டேன்.”

இவ்வளவு கண்டுபிடித்தவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? பட்டறைக்குப் போய், தகட்டிலிருந்து எழுத்துகளை மட்டும் தனித்தனியாக வெட்டி எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கம்பித் தடுப்பில் இடைவெளி விட்டுப் பொருத்தினோம். பெயரும் நிற்கும், காற்றும் போகும். நெருக்கி வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்பதால் ‘பெருமாள் துணை’ என்பதற்கு மட்டும்தான் இடம் இருந்தது.

“ஒங்க பேரு?” என்றார் பட்டறைக்காரர்.

“எம் பேருதான் ஊர் முழுக்க இருக்கே, விடுப்பா.”

அவள் வந்து எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குங்குமம் வைத்தாள். சரி என்று அதற்கு அர்த்தம்.

இப்போது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற காரில் ரேடியேட்டருக்கென்றே விற்கிற பச்சை நிறத் தண்ணீர், ஏசி, எல்லாம் இருக்கிறது. ஆண்டிமடத்தில்தான் யாரும் இல்லை. மாமியாரும் போய், தோப்பும் கைமாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அகலமாக்கிய அந்த ரோட்டில் எங்கள் புளியமரம் நின்ற இடம் எது என்றுகூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. நினைத்துக்கொண்டால், எழுத்துகளை மாட்டிக்கொண்டு கிளம்பிய அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் கண்முன் வருகிறது.

அரியலூரைத் தாண்டினோம். மரம் நெருங்கியதும் அவள் பழக்கத்தில் துண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. திரும்பிப் பின்கண்ணாடி வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போய் இறங்கியபோது மாமியார் தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் விளக்குமாறு கையிலேயே நின்றுவிட்டது.

“என்ன மாப்ள, இந்நேரத்துல? யாருக்காச்சும் ஏதும் ஆயிப்போச்சா?”

“ஒண்ணும் ஆவல அத்தை. காரு கொதிக்கல.”

“அடப்பாவமே! இன்னும் ஒலையே வைக்கலையே!”

“ஒல கெடக்கட்டும்மா, நீ வந்து ஒக்காரு” என்றாள் மகள்.

எனக்குக் கண்டுபிடித்த கதையைச் சொல்ல ஆசை. நீலத்திலிருந்து ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. மாமியார் உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். பேரப்பிள்ளை எடுத்த மகளைத் தன் முன்னால் உட்கார வைத்து, கொண்டையை அவிழ்த்து, எண்ணெய் தடவிச் சிக்கெடுக்க ஆரம்பித்தார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. பக்கத்து வீட்டுக் கல்யாணம், இந்த வருசத்து முந்திரிக்கொட்டை, செத்துப்போன பசு. நான் முந்திரி மர நிழலில் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். வயிறு கிள்ளியது. அடுப்பு மூட்டுகிற வாசனை வரவே இல்லை. கூப்பிட்டுக் கேட்கலாம்தான். கேட்காமல் அப்படியே படுத்திருந்தேன்.