டத்தோ வெட்ட வேண்டிய ரிப்பன்

புக்கிட் பெருவாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகை சைக்கிள் கொட்டகையைத் தேடிப் போகிறேன். முன்னால் கட்டிய சிவப்பு ரிப்பன் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை, சங்கிலியெல்லாம் துரு. இரண்டு பேர் சைக்கிள்களைத் தூக்கிப் பழைய இரும்பு லோரியில் ஏற்றுகிறார்கள்.

"என்னண்ணே, புதுசையா தூக்கிப் போடுறாங்க?" என்று கொட்டகைக் காவலாளியிடம் கேட்கிறேன்.

"திறந்து வைக்க டத்தோ வரணும், அரசாங்கப் பட்டம் வாங்கின பெரிய மனுசராச்சே. தேதி தள்ளிக்கிட்டே போச்சுலா. மழையில நின்னு வீணாப்போச்சு."

"ஒருத்தர்கூட ஓட்டலையா?"

"ரிப்பன் வெட்டாம எப்படி ஓட்டுறது?"

அதற்குள் அவர் லோரிக்காரர்களைப் பார்த்துப் பதறுகிறார்.

"தம்பி, குனிஞ்சு வாங்க! ரிப்பன் அறுந்துடப் போகுது. டத்தோதான் வெட்டணும்!"