ஓடு ஏறும் வரை யாருக்கும் சொல்லவில்லை

காய்ந்து கிடக்கும் பழைய ஓட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாசம் வரும் பாருங்கள்... மழை வாசமும் இல்லை, மண் வாசமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. தொண்ணூற்று ஐந்தாம் வருடக் கோடை முழுக்க நான் அந்த வாசத்தில்தான் இருந்தேன்.

கணபதி என்கிற பகுதியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கியிருந்தோம். பெருமையாகச் சொல்கிறேனே தவிர, பார்த்தவர்கள் எல்லாம் "இடத்துக்காகத்தானுங்க வாங்குனீங்க?" என்றுதான் கேட்டார்கள். மண் சுவர், ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் கட்டைகள் இற்றுப்போய், அடுப்படியில் இடுப்பு உயரத்துக்குக் கரையான் புற்று.

என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. எனக்கு ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இரண்டு பேரும் நேராக அங்கே போய்விடுவோம். ரீப்பர் மாற்றுவதற்காக எங்கள் மேஸ்திரி மாரப்பண்ணன் ஓடுகளையெல்லாம் இறக்கி வாசலில் அடுக்கியிருந்தார். அவற்றைக் கழுவுவது எங்கள் வேலை.

நான் தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கொடுப்பேன். அவர் தொட்டியில் அலசி, விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீர் என்றால் நல்ல ஓடு. இல்லையென்றால் எங்கோ விரிசல். பட்டறைப் புத்தி எங்கே போகும்... பாஸ் ஒரு அடுக்கு, ரிஜெக்ட் ஒரு அடுக்கு!

"ஏனுங்க, இது ஓடுங்க. பம்புசெட் பார்ட் இல்ல."

"ஒழுகுனா ரெண்டும் ஒண்ணுதான் அம்மணி."

அடுப்பு மேடை கட்டுவதற்கு என்னை நிற்க வைத்து, முழங்கை வரைக்கும் டேப் பிடித்து அளந்தவர் அவர். ஜன்னலுக்குப் பச்சையா நீலமா என்று சண்டை போட்டு மூன்று நாள் பேசாமல் இருந்ததும் அவரேதான்.

மே மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது.

கல்யாணமாகி ஆறு வருடம். ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. சந்தோஷத்தில் அழவேண்டியவள், கூரையில்லாத வீட்டைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மாசமாக இருப்பவள் வீட்டில் கட்டட வேலை நடக்கக்கூடாது என்பார்கள். சுவர் இடிக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, பாதியில் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட வேண்டும். கோபியில் இருந்த என் மாமியாருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை நின்றுவிடும். மாரப்பண்ணனும் கொத்துக் கரண்டியைத் தொட மாட்டார். ஆனால் ஜூனில் மழை பிடித்துவிடுமே... மேலே ஓடு இல்லாத மண் சுவர் நாலு மழைக்குக் கரைந்துவிடும்.

அவரிடம் சொன்னேன். நனைந்த ஓட்டைக் கையில் பிடித்தபடியே கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு அதுல நம்பிக்கை இருக்குதா அம்மணி?"

"அதெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு?"

"எனக்கென்ன..."

அவ்வளவுதான் பேச்சு. ஓடு ஏறும் வரைக்கும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவானது.

அன்றிலிருந்து என்னை ஓடு தூக்க விடவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசாரி ரீப்பரில் ஆணி அடிக்க ஆரம்பித்தால் போதும், ஏதாவது சாக்குச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் இருக்கும் உப்பையே மறுபடி மறுபடி வாங்கி வந்தேன். மயக்கம் வந்து அங்கே விழுந்துவிடுவேனோ என்று பார்க்கிறார் போல, என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் மாட்டிக்கொண்டேன். உடைந்த ஓட்டுச் சில்லைக் கழுவி வாயில் போட்டு நறநறவென்று மென்றுகொண்டிருந்தேன். அந்த வாசம் அப்படி இழுத்தது, என்ன செய்ய? நிமிர்ந்தால் எதிரே மாரப்பண்ணன். நாலு பிள்ளை பெற்றவர்.

"எத்தன மாசமுங்க அம்மணி?"

பொய் சொல்லலாம்தான். வாய் நிறைய ஓடு!

அவர் வானத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

"நாளைக்கு இன்னும் ரெண்டு ஆளக் கூட்டியாறனுங்க. வெள்ளிக்கெழமக்குள்ள ஏத்திப்போடலாம். எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

சொல்லிவிட்டு, சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

சொன்னபடியே வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி ஓடு ஏறியது. இரண்டு நாள் கழித்து நல்ல மழை. நாங்கள் இரண்டு பேரும் நடு வீட்டில் அண்ணாந்துகொண்டே நின்றோம். ஒரே ஒரு இடத்தில் சொட்டியது. "அது ரிஜெக்ட் அடுக்குல இருந்து வந்திருக்கோணும்" என்றார். மறுநாளே கோபிக்கு பஸ் ஏறி அத்தையிடம் சேதி சொன்னோம். மீதி வேலையெல்லாம் தை மாதம் மகள் பிறந்த பிறகுதான்.

இந்தக் கதையை மகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உங்கம்மா எதற்கும் அசராதவள் என்று கொஞ்சம் மசாலா சேர்த்தே!

இன்று அவள் பெங்களூரில் இருக்கிறாள். ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கி, சமையலறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கும் வேலை நடக்கிறது. புருஷனும் பொண்டாட்டியும் ஒரு செங்கல்லைக்கூடத் தொடுவதில்லை. காண்ட்ராக்டர் தினமும் போட்டோ அனுப்புகிறார், இவர்கள் போனிலேயே பார்த்து ஓகே சொல்கிறார்கள். கையில் சுண்ணாம்புப் புண் இல்லை, ஜன்னல் கலருக்குச் சண்டை இல்லை. நல்லதுதான். ஆனாலும் எதையோ தவறவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

போன வாரம் கூப்பிட்டாள். அவரும் பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில்தான் பேசினோம். நல்ல சேதி சொன்னாள். நானும் அவளும் மாறி மாறிச் சிரித்து, அழுது முடித்த பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "அம்மா, செவுரு இடிக்கிற வேலை பாதியில இருக்குது. பரவாயில்லதானே?"

"வேண்டாம் கண்ணு. நிறுத்திப்போடு."

என் வாய்தான் சொன்னது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க நிறுத்தலையே மா?"

"நிறுத்தல கண்ணு. ஆனா நீ பொறந்து, அழுது, நான் காதால கேக்குற வரைக்கும்... தெனமும் பயந்துட்டேதான் இருந்தேன்."

முப்பது வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீயுமா அம்மணி?" என்றார்.