குறைவாக வந்த பவர் பில்

ஆக்லாந்தில் பனி பெய்யாது. அதனாலேயே அந்த ஊர்க் குளிரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜூனில் குளிர்காலம் பிறந்தால் மரப்பலகை வீடுகளுக்குள் ஈரம் ஏறிச் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். காலையில் ஹென்டர்சனில் ஒரு மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை, மாலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. நின்றால் தூக்கம், இருந்தால் தூக்கம்.

அந்தக் கிளினிக்குக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு முதியவர் வருவார். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கமாட்டார். காத்திருக்கும் அறையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு மதியம் வரை இருப்பார். அவரைப் பார்த்தால் தமிழர் போலத் தெரிந்தது. என்ன வேண்டுமென்று கேட்கும்படி நர்ஸ் என்னை அனுப்பினாள்.

"ஐயா, டொக்டரைப் பாக்க வந்தனீங்களோ?"

அவர் சங்கடத்துடன் பத்திரிகையை மடித்தார். "இல்லம்மா. சும்மா உக்காந்திருக்கேன். இங்க நல்லா சூடா இருக்குலா."

மலேசியத் தமிழர். அறுபதுகளில் மனைவியோடு வந்து, செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வுபெறும் வரை வேலை செய்தவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். மாசி என்ற பக்கத்துப் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அரசாங்க ஓய்வூதியம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. நெஞ்சுச் சளி மட்டும் ஒவ்வொரு குளிருக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு எங்கள் மருத்துவரிடம்தான் மருந்து எழுதி வாங்குவார்.

ஒரு வாரம் அவர் வரவில்லை. அவருடைய மருந்துச் சீட்டு மேசையிலேயே கிடந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு மாலை வேலைக்குப் போகும் வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். வெளியைவிட உள்ளே குளிர். மேல்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக் கட்டிலில் இருந்தார். ஹீட்டர், பிளாஸ்டிக் பையில் சுற்றி அலுமாரிக்கு மேலே இருந்தது.

"ஏன் ஐயா ஹீட்டர் போடேல்லை?"

"கரண்டு பில் ஏறிடும்மா. ரொம்ப முடியலன்னா இன்னொரு கம்பளிய போத்திக்குவேன். நீ பசியாறிட்டியா?"

மறுநாள் மருத்துவரிடம் சொன்னேன். வயதானவர்களுக்கு இப்படி நோய் இருந்தால் வீட்டைச் சூடாக்கவும் மருந்துக்கும் ஓய்வூதியத்துக்கு மேலே அரசாங்கம் கொஞ்சம் கொடுக்கும் என்றார். படிவத்தில் கையெழுத்தும் போட்டுத் தந்தார். ஒரு காலை லீவு எடுத்துப் பெரியவரை அரசாங்க அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். எங்கள் முறை வந்ததும் அவர்தான் தட்டி எழுப்பினார்.

அதிகாரி ஓர் இளம்பெண். கெட்டவள் இல்லை. பவர் பில்களைக் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருந்தார். பெருமையாக எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டு தடவை புரட்டினாள். நோயால் கூடுதலாக ஆகும் செலவுக்குத்தான் இந்தப் பணம், இவருடைய பில்லோ நோயில்லாதவர்களின் பில்லைவிடக் குறைவாக இருக்கிறது, கூடுதல் செலவென்று எதைக் காட்டுவது என்று தணிந்த குரலில் கேட்டாள்.

செலவைத் தாங்க முடியாமல்தான் இவர் ஹீட்டரே போடுவதில்லை என்றேன். தனக்குப் புரிகிறது, ஆனால் தாளில் இருக்க வேண்டும் என்றாள். கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

காரில் ஏறியதும் அவர் சொன்னார்: "விடும்மா. சிக்கனமா இருந்தது தப்பாப் போச்சு."

அன்றே ஹீட்டரை இறக்கித் துடைத்து வைத்தேன். "ஒரு பில் கூட வந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டலாம். அதுவரைக்கும் பகல் முழுக்கப் போடுங்கோ. அந்தக் காசை நான் கட்டுறன்."

"ரெண்டு வேலைக்கு ஓடுற புள்ள, நீ கட்டுவியா?"

"ஓம், கட்டுறன். போடுங்கோ."

தலையாட்டினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். போகும்போதெல்லாம் ஹீட்டரின் கம்பி சிவந்திருக்கும். ஆனால் அறை சில்லென்று இருக்கும். மூன்றாம் தடவைதான் புரிந்தது, என் கார்ச் சத்தம் கேட்டதும் எழுந்து போடுகிறார் என்று. அவரைப் பார்த்துக் கத்தினேன். "ஏன் ஐயா இப்பிடிச் செய்யிறியள்? ஆருக்காக நான் ஓடித்திரியிறன்?" கத்தியது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகஸ்டில் நிமோனியா. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு சதமும் கேட்கவில்லை. நான் போனபோது போர்வையை ஒதுக்கிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுத்திருந்தார். முகம் தெளிந்திருந்தது.

மருத்துவர் இந்தமுறை படிவத்தோடு நிற்கவில்லை. தன் கையால் இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். பில் குறைவாக இருப்பதே இந்த நோய்க்குக் காரணம், இந்தப் பத்து நாள் ஆஸ்பத்திரிச் செலவில் இவர் வீட்டைப் பல வருடம் சூடாக வைத்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். நான் அதைத் தட்டச்சு செய்து அதே பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். மேலதிகாரியிடம் தானே கொண்டுபோவதாகச் சொன்னாள்.

ஒக்டோபரில், ஜன்னல்களைத் திறந்துவைக்கும் காலத்தில், அனுமதிக் கடிதம் வந்தது. அவர் அதைக் கிளினிக்குக்கே எடுத்து வந்து என்னை வாசிக்கச் சொன்னார். ஹீட்டர், மருத்துவரைப் பார்க்கும் செலவு, மருந்து, மூன்றுக்கும் சேர்த்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு தொகை. பெரிய தொகை இல்லை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான் ஐயா."

"சரி. இதுவாவது கிடைச்சுதே." கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "குளிர் போனப்புறம் வந்திருக்குலா," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தான் போகும் தேவாலயத்தில் இதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை, வாரத்தில் நான் தூங்கக் கிடைக்கும் ஒரே காலை, தொலைபேசி அடித்தது. பிளாக்ஹவுஸ் பே பகுதியிலிருந்து ஒரு மூதாட்டி. கணவருக்கு ஆஸ்துமாவாம். நான் படிவம் நன்றாக எழுதுவேன் என்று கேள்விப்பட்டாராம்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் கணவர் இருமுவது கேட்டது. பேனாவைத் தேடி எடுத்து, விலாசத்தைச் சொல்லச் சொன்னேன்.