வெள்ளிக்கிழமை சொன்ன ‘வரேன்’

அயர்லாந்துக்காரர்களுக்குப் போனை வைக்க மனசே வராது. “பை, பை, பை, பை” என்று ஏழெட்டு முறை சொல்லி, குரல் தேய்ந்து காணாமல் போன பிறகுதான் வைப்பார்கள். வந்த புதிதில் இவர்களுக்கு ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். நானோ ஒரு ‘பை’கூடச் சொன்னதில்லை. கிளம்பும்போது ‘போறேன்’ என்றால் வாயிலேயே அடி விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். ‘பை’ என்பது என் காதுக்கு அந்தப் ‘போறேன்’ மாதிரியே கேட்கும். அதனால் இந்த நாலு வருஷமும் வார்டைவிட்டுப் புறப்படும்போதெல்லாம் “ஐ வில் கோ அண்ட் கம்” என்றே சொல்லிவந்தேன். எல்லோரும் சிரித்துத் தலையாட்டுவார்கள். புரிந்துவிட்டது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் இதே வேலைதான் பார்த்தேன். கிருமிக்குக் காலண்டர் தெரியுமோ என்னவோ, வாரக் கடைசி வரட்டும் என்றே காத்திருக்கும். அங்கே சனிக்கிழமை மத்தியானம்தான் தண்ணீர் மோட்டார் புகையும், பிளீச்சிங் பவுடர் தீர்ந்துபோகும், ஆபரேஷன் தியேட்டர் குழாயில் காற்று வரும். துப்புரவுப் பிரிவின் சூப்பர்வைசர் செல்வி, என் வயசுக்காரி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். “இன்னா சிஸ்டர், சனிக்கெழமன்னாலே உனுக்கு பேஜாருதானா? மொகத்தத் தொங்கப் போட்டுக்கினு நிக்காத. தண்ணி லாரிக்கு அப்பவே போன் போட்டுட்டேன்.” லாரி வந்து, தொட்டி நிரம்பி, தியேட்டரைக் கழுவி முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிடும். “சரி செல்வி, வரேன்” என்பேன். “திங்கக்கெழம வா சிஸ்டர்” என்பாள். நான் பொன்னேரிக்கு ரயிலேறுவேன். ‘வரேன்’ என்றால் போகிறேன் என்று அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இங்கே மூன்று மணிக்கே எல்லோர் முகத்திலும் வீக்கெண்ட் வந்து உட்கார்ந்துவிடும். நான் மட்டும் அந்த நேரத்தில் போன் மணி அடித்தாலே பேனாவைத் தேடுவேன். அன்று அடித்தது. வார்டு பொறுப்பாளர் நோரா கூப்பிட்டாள். ஆறு கட்டில் போட்ட அறை ஒன்றில் மூன்று பேருக்கு மதியத்திலிருந்து வாந்தி. ஓடினேன். அறையை மூடச் சொன்னேன். என்னைக் கேட்காமல் யாரும் உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. கையில் தடவும் ஜெல்லுக்கெல்லாம் இந்தக் கிருமி மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் என்று கத்திவிட்டேன். பழைய செல்வியின் குரல் எனக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது.

அந்த அறையின் ஜன்னலோரக் கட்டிலில் பிரிஜிட் என்ற எண்பது வயசு அம்மா இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து வந்தவர், ஆறு வாரம் கழித்து அன்றுதான் வீட்டுக்குப் போகிறார். நீலக் கோட்டுக்குப் பித்தானெல்லாம் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். மகன் கீழே காரோடு நிற்கிறான். அவருக்கு வாந்தி இல்லை. “நான் போகலாம்தானே, பெண்ணே?” என்றார். டாக்டரைக் கேட்கவேண்டும் என்றேன். அவரிடமும் நோராவிடமும் “ஐ வில் கோ அண்ட் கம்” என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன்.

டாக்டர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டார். “முதியோர் இல்லம் என்றால் கூடாது. சொந்த வீடுதானே, உடம்பு நன்றாக இருந்தால் போகட்டும்” என்றார். அதை அப்படியே கம்ப்யூட்டரில் எழுதி நோராவுக்கு அனுப்பிவிட்டு ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். கும்மிடிப்பூண்டியில் என்றால் நேரில் போய் நாலு தடவை சொல்லியிருப்பேன். இங்கே எழுதினால் போதும், படிப்பார்கள் என்று கற்றுக்கொண்டிருந்தேன். படித்தும் இருப்பார்கள், வருகிறேன் என்று மட்டும் நான் சொல்லாமல் இருந்திருந்தால்.

ஏழு மணிக்கு நோரா போன் செய்தாள். “எங்கே இருக்கிறாய்?”

“வீட்டில்.”

“வீட்டிலா? திரும்பி வருகிறேன் என்றாயே! நீ வந்து சொல்வாய் என்று நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிரிஜிட் நாலு மணியிலிருந்து கோட்டைக் கழற்றவில்லை. கழற்றச் சொன்னால், ‘அந்தப் பெண் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்’ என்கிறார். இப்போது அந்தக் கோட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார்.”

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டு திரும்ப ஓடினேன். நோரா திட்டவில்லை. “இந்த மூன்று மணி நேரத்தில் தொற்றியது இல்லை இது. நேற்றோ முந்தாநாளோ உள்ளே போயிருக்கும்” என்றாள். அது எனக்கும் தெரியும், ஊருக்கே அந்தப் பாடத்தை எடுப்பவள் நான்தானே. ஆனால் நான் நேரில் போய்ச் சொல்லியிருந்தால் அவர் தன் வீட்டில், தன் கட்டிலில் கிடந்து வாந்தி எடுத்திருப்பார். ஆறு வாரமாக அவர் கேட்டது அதைத்தான். என்னைக் கண்டதும் பிரிஜிட் வெளிறிப்போன முகத்தோடு சிரித்தார். “வந்துவிட்டாயே. வருவாய் என்று தெரியும்” என்றார். அதற்கு அவர் என்னை ஓர் அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை. நீலக் கோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். அவர் வீடு போய்ச் சேர மேலும் பத்து நாளானது.

அன்று இரவு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அழுதேன். பிரிஜிட்டுக்காக மட்டும் இல்லை. நான் இங்கே கிளம்பிய அன்று என் மகள் யாழினிக்கு நாலு வயசு. என் கணவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், அவர்தான் அவளை வளர்க்கிறார். வாசலில் நின்று அவள் கன்னத்தைக் கிள்ளி, “அம்மா போய்ட்டு வரேன் கண்ணு” என்றேன். வேறென்ன சொல்வது? அன்று சாயங்காலம் அவள் கதவைத் தாழ்ப்பாள் போட விடவில்லையாம். “மூடாத நைனா, அம்மா வரேன்னு சொல்லிக்கீது” என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். இதை அவர் ரெண்டு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். நடுவில் ரெண்டு முறை லீவில் போனேன். ரெண்டு முறையும் அதே வாசலில் நின்று அதே சொல்லைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது நோரா வழியை மறித்தாள். “இன்றைக்குப் போகிறாயா, வருகிறாயா?” நாக்குக் கூச “பை” என்றேன். வார்டே கை தட்டியது. நானும் சிரித்துவிட்டேன். அப்படி ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் யாழினியைக் கூப்பிட்டேன். பொன்னேரியில் சாயங்கால வெயில். தெருவில் பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. முன்பல் முளைத்துவிட்டதைக் காட்டினாள், பள்ளியில் யாரோ பேனாவைப் பிடுங்கிய கதையைச் சொன்னாள். முடிக்கும்போது வழக்கம்போல, “சரி, அம்மா வரேன் கண்ணு” என்றேன்.

“சும்மா சொல்லாதம்மா,” என்றாள். கோபமெல்லாம் இல்லை, எட்டு வயசுக்காரியின் சாதாரணக் குரல்தான். “நீ வரேன்னா எனுக்கு வெளையாடப் போவவே முடியல. பை சொல்லு. பை சொன்னாதான் போவேன்.”

வார்டில் நாக்குக் கூசினாலும் வந்துவிட்ட சொல் பொன்னேரிக்கு வர மறுத்தது. ‘வரேன்’ என்றும் இனிச் சொல்ல முடியாது. அவளுக்குப் பின்னால் வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.