என் மைத்துனரும் பொங்கல்படியும்

பொங்கலுக்கு முந்தின வாரம் பாத்திரக்கடைக்காரனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தென்காசியில் என் கடை வாசலில் வெண்கலப் பானையும் பித்தளைப் பானையும் நடைபாதை வரைக்கும் இறங்கியிருந்தன. அந்த நெரிசலில், பானைகளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். வடகரையில் இருக்கும் என் தங்கையின் கணவர். பொங்கல் என்ற சொல்லையே வாயில் எடுக்காதவர், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, பொங்கல் பானைகளுக்கு நடுவில் நின்றார்.

"என்ன மாப்ள, வழி தவறி வந்துட்டியளோ?" என்றேன்.

"ஒரு பானை வேணும் மச்சான். வெண்கலத்துல."

"எதுக்கு?"

"சோறு பொங்கத்தான்."

"எந்தச் சோறு?"

அவர் பானையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாதா என்ன? அவருடைய ஒரே மகளுக்கு அந்த வருஷம் தலைப்பொங்கல். ஆவணியில் கல்யாணம் முடிந்து வீரகேரளம்புதூரில் வாழப் போயிருந்தாள். முதல் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீராகப் படி போகவேண்டும். பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, வாழைத்தார், பனங்கிழங்கு, ஒரு சேலை. எங்கள் பக்கத்தில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று இதில் வித்தியாசம் கிடையாது. படி வராவிட்டால் மாமியார் வீட்டில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தக் கேட்காமல் இருப்பதைத்தான் ஒரு புதுப்பெண்ணால் தாங்க முடியாது.

ஆனால் என் மைத்துனர் பொங்கலை விட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

கிறிஸ்தவர்கள் பொங்கல் பொங்கலாமா என்று கேட்டால் எங்கள் தாத்தா காலத்துப் பழைய சபையில் வீட்டுக்கு ஒரு பதில் கிடைக்கும். என் மனைவி அடுக்களையில் கேஸ் அடுப்பில் பொங்குவாள். அங்கே சூரியன் எட்டிப் பார்க்க முடியாது, ஆகவே பாவமில்லை. அடுத்த வீட்டு அம்மா முற்றத்தில்தான் பொங்குவார், ஆனால் விடிவதற்குள் இறக்கிவிடுவார். சூரியன் வரும்போது பானை காலி. பின்தெரு வாத்தியார் வீட்டில் ஜனவரி ஒன்றாம் தேதியே பொங்கி முடித்துவிடுவார்கள், வருஷப்பிறப்புக்காகவாம். இன்னொரு வீட்டில் பால் பொங்கி வழிகையில் எல்லாரும் சேர்ந்து 'அல்லேலூயா' என்பார்கள். நான் இந்த வாதத்தில் எந்தப் பக்கமும் சேர்ந்ததில்லை. எல்லா வீட்டிலும் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். தவிரவும் நான் பாத்திரக்கடைக்காரன். பொங்கல் கூடாது என்று எனக்கு வெளிப்பாடு வந்தால்கூட மாசி மாதம்தான் வரும்.

மைத்துனர் அப்படிப்பட்டவர் அல்ல. ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. ஒரு காலத்தில் குடியையும் அப்படித்தான் பிடித்திருந்தார். தென்னந்தோப்பும் நெல்வயலும் இருந்தும் வீட்டில் நிம்மதி இல்லை. பிறகு செங்கோட்டைப் பக்கத்து ஜெபவீடு ஒன்றுக்குப் போக ஆரம்பித்தார். சிற்றாற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். அன்றோடு குடி நின்றது. அன்றோடு பொங்கலும் நின்றது. அது சூரிய வணக்கம் என்று அந்த ஜெபவீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"மாப்ள, நீங்க முங்கின தண்ணி குற்றாலத்து அருவியில விழுந்து, கோயில் வாசலைத் தாண்டித்தானே வருது?" என்று கேட்டேன்.

"ஓடுத தண்ணி தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிடும் மச்சான்," என்றார்.

"அந்தத் தண்ணியிலதான கரும்பும் விளையுது?"

அவர் சிரிக்கவில்லை. அந்த வருஷம் என் தங்கைக்கு நான் வழக்கம்போல் படி கொண்டுபோனபோது, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சுங்கச்சாவடி அதிகாரி மாதிரி நின்றார். பச்சரிசி உள்ளே போகலாம். வெல்லம் போகலாம். வாழைத்தார், சேலை போகலாம். பனங்கிழங்கில் கொஞ்சம் தயங்கினார். "இது மண்ணுக்குள்ளயே கிடந்தது மாப்ள, சூரியனைப் பார்த்ததே இல்ல," என்று நான் சிபாரிசு செய்தேன். உள்ளே போயிற்று. கரும்பும் மஞ்சள்குலையும் பானையும் வந்த வழியே திரும்பின. எனக்கு வந்த கோபத்தில் கரும்பைச் செங்கோட்டை ரோட்டில் எதிரே வந்த மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு வந்தேன்.

தங்கை அன்று சாயங்காலமே போனில் பேசினாள். "விடுண்ணே. கரும்பு போனா போகட்டும். பாட்டில் போச்சுல்லா," என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அடுத்த முறை மைத்துனரைக் குற்றாலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தபோது, பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு நிதானமாக எடுத்துச் சொன்னேன். டிசம்பர் இருபத்தைந்து மட்டும் வேதத்திலா இருக்கிறது? ரோமாபுரிக்காரர்கள் அந்த நாட்களில் சூரியனுக்கு விழா எடுத்தார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்களே, கிறிஸ்மஸ் மரமே அந்நிய தேசத்துப் பழைய வழக்கம்தானே என்றேன். மனிதர் சாம்பாருக்குக்கூடக் கை நீட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன்.

அந்த டிசம்பரில் வடகரை வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. அதிரசமும் சுடவில்லை. தங்கை போனில் கத்தினாள். "உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியாண்ணே? பொங்கல்தான் போச்சுன்னு இருந்தேன். இப்ப கிறிஸ்மஸையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போயிட்டியே!"

ஞாயிற்றுக்கிழமையின் பெயரிலேயே சூரியன் இருப்பதையும் மைத்துனரிடம் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். என் மனைவி தடுத்துவிட்டாள். "அப்புறம் அந்த மனுசன் ஆராதனைக்கும் போகாம இருந்திரப் போறாரு," என்றாள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். ரேஷன் கடையில் பொங்கலுக்கு அரசாங்கம் கொடுக்கும் கரும்பை மட்டும் மைத்துனர் தவறாமல் வரிசையில் நின்று வாங்குவார். ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டுமாம். வாங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவார். "எந்த நாளு போடுதிய, மாட்டுப்பொங்கல் அன்னைக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்படிப்பட்டவர்தான் இப்போது என் கடையில் வெண்கலப் பானையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"படியை நீங்க கொண்டு குடுத்திருங்க மச்சான். தாய்மாமன் கொண்டுபோனா முறைதான். நான் போய்க் குடுத்தா ஜெபவீட்டுல என் சாட்சி கெட்டுப்போகும்."

"படி உங்களோடது, பாவம் என்னோடதா?"

"நீங்க ஏற்கெனவே பொங்குதவங்கதானே," என்றார், கொஞ்சமும் கேலி இல்லாமல்.

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் பிள்ளை முகத்தை நினைத்துச் சரி என்றேன். இருப்பதிலேயே கனமான பானையாக எடுத்து, என் கணக்கில் ஒரு வெண்கலக் கரண்டியும் வைத்தேன்.

போகிப் பண்டிகையன்று காலையில் லோடு ஆட்டோவில் கிளம்பினோம். தங்கை முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் படியோடு படியாக நானும், 'துணைக்கு மட்டும் வாறேன்' என்று ஏறிக்கொண்ட மைத்துனரும். அரிசி அவர் வயலில் விளைந்தது, வாழைத்தார் அவர் தோட்டத்தில் வெட்டியது, தேங்காய்கள் அவரே உரித்தவை. கரும்பும் மஞ்சளும் மட்டும் நான் வாங்கியவை. ஆய்க்குடி தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் கரும்புக்கட்டு அவர் தோளில் சாய்ந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு விரலால் அதை என் பக்கம் தள்ளிவிட்டார். நானும் பார்க்காத மாதிரி அடுத்த வேகத்தடையில் திருப்பித் தள்ளினேன்.

வீரகேரளம்புதூரில் சம்பந்தி வீட்டுத் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ தெருமுனை டீக்கடையோடு நின்றது.

"நீங்க போங்க. நான் இங்கன நிக்கேன்," என்று மைத்துனர் டீக்கடை பெஞ்சில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தங்கை அவரை ஒரு பார்வை பார்த்தாள். முதல் நடையாகப் பானையை நான் தூக்கிக்கொண்டேன். சேலையும் பழமும் வைத்த தட்டை அவள் எடுத்துக்கொண்டாள்.

சம்பந்தி வீட்டாரும் எங்களைப் போன்ற பழைய சபைக்காரர்கள்தான். வாசலில் மாப்பிள்ளையின் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் காத்திருந்தார்கள். "வாங்க, வாங்க" என்று நல்ல மனதோடுதான் வரவேற்றார்கள். தங்கை மகள் உள்ளே இருந்து ஓடிவந்தாள். பானையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாங்குவதற்குக் கையை நீட்டியவள், என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள்.

"அப்பா வரலியா மாமா?"

"அப்பாவுக்குத் தோப்புல தண்ணி பாய்ச்சுத வேலை…" என்று நான் ஆரம்பித்தேன்.

"தெருமுனையில நிக்காவ," என்றாள் என் தங்கை. அவ்வளவுதான் சொன்னாள்.

பிள்ளை என் கையிலிருந்து பானையை வாங்கினாள். வீட்டுக்குள் போகப்போகிறாள் என்று நினைத்தேன். வாசற்படி இறங்கி, பள்ளத்துக்குக் குறுக்கே போட்டிருந்த பலகையைத் தாண்டி, செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக்கு நடந்தாள். அவள் மாமியார் வாயைத் திறந்து மூடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

மைத்துனர் டீ கிளாசோடு திரும்பிப் பார்த்து எழுந்தார். பிள்ளை பானையை அவர் முன்னால் நீட்டினாள்.

"இதை நீங்க குடுங்கப்பா."

"மாமா குடுத்தா என்ன, நான் குடுத்தா என்ன பிள்ள? எல்லாம் ஒண்ணுதான்."

"மாமா கையால அம்மாவுக்கு வரும். எனக்கு உங்க கையாலதான் வரணும்." பானையை இன்னும் கிட்டே நகர்த்தினாள். "நீங்க சூரியனைக் கும்பிட வேண்டாம். பொங்கல்னு சொல்லக்கூட வேண்டாம். பானையைக் குடுங்க, போதும்."

அவர் கிளாசை வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். பானையை வாங்கிக்கொண்டு, "ஜெபம் பண்ணிட்டுக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்பாரோ என்று பார்த்தேன். மகளிடம்தான் கேட்டார்.

"பண்ணுங்க," என்றாள். முக்காடு போட்டுக்கொண்டாள்.

என் மைத்துனரின் ஜெபம் எனக்குப் பழக்கம். படைப்பிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வருவார். டீக்கடைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மழைக்கு நன்றி, வயலுக்கு நன்றி, விளைச்சலுக்கு நன்றி என்று வந்தது. "சூரியனை உண்டாக்கின ஆண்டவரே, அதுக்கும் நன்றி" என்றார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். வசமாகச் சிக்கினார், ஒரு வருஷத்துக்குக் கேலிக்கு ஆயிற்று என்று நினைத்தேன்.

பிறகு அவர் குரல் இறங்கியது.

"இவ சின்னப் பிள்ளையா இருக்கையில நான் வீட்டுக்கு ஒண்ணும் கொண்டு வந்தவன் இல்ல ஆண்டவரே. இருந்த பானையை எடுத்துட்டுப் போய் வித்துக் குடிச்சவன். இந்தப் பிள்ள ஓடி வந்து என் கையைப் பிடிச்சு இழுக்கும். உதறிட்டுப் போவேன். இன்னைக்குத்தான் ஒரு பானை கொண்டு வந்திருக்கேன். அதையும் வாசல்ல வந்து குடுக்காம…"

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

அவர் குடித்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் என் தங்கை கடைக்கு வரும்போதெல்லாம், பானை ஓட்டையாகிவிட்டது, அடிபிடித்துவிட்டது என்று சொல்லிப் புதிது கேட்பாள். பாத்திரத்தைப் புழங்கத் தெரியவில்லையே உனக்கு என்று ஊர் கேட்கக் கேலி செய்து கொடுத்தனுப்புவேன். இப்போது பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமென்," என்றாள் பிள்ளை, சத்தமாக. பானையை அப்பா கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆமென்ப்பா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

பொங்கல் கூடுமா கூடாதா என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகத் தெரியாது. வேதத்தில் பவுலடியாரைக் கேட்டால் இரண்டு கட்சிக்கும் வசனம் கொடுத்து வைத்திருக்கிறார். மைத்துனரும் தன் கொள்கையை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. அன்று அவர் ஆட்டோவுக்குப் போனார். வாழைத்தாரை எடுப்பார் என்று பார்த்தேன். கரும்புக்கட்டை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, மகளுக்குப் பின்னால் அந்தப் பலகையில் கவனமாகக் கால்வைத்து நடந்தார். எனக்கு நாக்கு நுனிவரை கேலி வந்தது. தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் பிடிக்காவிட்டாலும் அன்று என்னால் பேசியிருக்க முடியாது.